இடப் பஞ்சத்தில் பிறந்த ஏற்பாடு

பள்ளிக்கூட அலுவலகத்து அலமாரியோடு பழகியவர்களுக்கு, சேவையகம் என்று இந்நாளில் வழங்கும் பொதுக் கணினியின் கவலை எளிதில் விளங்கும். மாணவர் பதிவேடு, தேர்வுத் தாள், கடிதப் போக்குவரத்து ஆகிய யாவும் ஓர் அலமாரிக்குள் அடங்க வேண்டும். எதை மேல் தட்டில் வைப்பது, யாருக்கு எத்தனை தட்டு ஒதுக்குவது, அலமாரி நிறைந்துவிட்டால் பழைய கட்டுகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பனவெல்லாம் முன்கூட்டியே எண்ண வேண்டியவை. எண்ணாமல் விட்டால், ஒரு கட்டைத் தேடுவதிலேயே அரை நாள் கழிந்துவிடும். பலர் ஒரே வேளையில் கையாளும் கணினியிலும் இதே கவலைதான். அங்கே அலமாரிக்கு ஈடானது வட்டு. கட்டுக்கு ஈடானது கோப்பு. இன்ன கட்டு இன்ன தட்டில் உள்ளது எனக் குறித்து வைக்கும் பேரேட்டுக்கு ஈடானது கோப்பு முறை.

இன்று உலகெங்கும் சேவையகங்களில் வழங்கும் கோப்பு முறைகள் பலவற்றின் அடிப்படை, ஒரு சிறு குழுவினர் போதிய இடமின்றித் தவித்த நாட்களில் இடப்பெற்றது. கேட்ட பொருள் கேட்டபடி அவர்களுக்குக் கிடைத்திருந்தால் அந்த ஏற்பாடு வேறு வகையாக அமைந்திருக்கவும் கூடும்.

வட்டு என்னும் கருவி அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் பொறியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் ஒரே அச்சைச் சுற்றிச் சுழன்றன. அத்தனை தட்டுகளிலும் சேர்த்து அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகளே. நாடாவில் பதிந்ததைப் படிக்க வேண்டுமாயின் சுருளை உருட்டிக்கொண்டே வர வேண்டும். வட்டிலோ வேண்டிய இடத்துக்கு நேரே படிக்கும் தலையை நகர்த்திவிடலாம். இந்த வசதி வந்த பிறகுதான், பலருடைய கோப்புகளை ஒரே பொறியில் வைத்துக் காப்பது நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. 1965-இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பெல் ஆய்வுக்கூடமும் ஜெனரல் எலக்டிரிக் நிறுவனமும் கூடித் தொடங்கிய 'மல்டிக்ஸ்' திட்டத்திற்காக, டேலி, நியூமன் என்னும் இருவர் ஒரு கட்டுரை அளித்தனர். அடைவுக்குள் அடைவு, அதற்குள் கோப்பு எனக் கிளைத்துச் செல்லும் மரம் போன்ற அமைப்பு அக்கட்டுரையில் தெளிவாக வரையறுக்கப்பெற்றது. இன்று நாம் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை அதுவே.

மல்டிக்ஸ் பெரிய திட்டம், செலவும் பெரிது. எதிர்பார்த்த காலத்தில் பயன் தராததால், 1969-இல் பெல் ஆய்வுக்கூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. அத்திட்டத்தில் உழைத்த கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர்க்கு, ஒருங்கே பலர் பயன்படுத்தத்தக்க நல்ல கணினி கைவிட்டுப் போயிற்று.

கிடைக்காத பொறியும் கிடைத்த பொறியும்

அவர்கள் 1969-ஆம் ஆண்டு முழுவதும் மேலிடத்தாரிடம் நடுத்தரமான கணினி ஒன்றை வாங்கித் தருமாறு பலமுறை வேண்டினர். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. மல்டிக்ஸில் கை சுட்டுக்கொண்ட நிர்வாகம், இன்னுமொரு இயக்க அமைப்பு என்ற சொல்லையே கேட்க விரும்பாததில் வியப்பொன்றுமில்லை. தாம்சன் விண்வெளிப் பயண விளையாட்டு ஒன்றை எழுதியிருந்தார். அதைப் பெரிய கணினியில் ஒரு முறை ஆடினால் 75 டாலர் பொழுதுச் செலவாகக் கணக்கில் ஏறியது. எனவே, அதிகம் பயன்படாமல் கிடந்த 'பி.டி.பி.-7' என்னும் சிறு பொறியை அவர் தேடிப் பிடித்தார். 18 பிட்டு கொண்ட சொற்கள் எட்டாயிரத்துச் சொச்சமே அதன் நினைவகம். தாம்சன், ரிட்சி, கானடே ஆகிய மூவரும் கரும்பலகையிலும் துண்டுக் குறிப்புகளிலும் முன்னரே வரைந்து வைத்திருந்த கோப்பு முறை, இந்தச் சின்னஞ்சிறு பொறியில்தான் உயிர் பெற்றது. பின்னர் 'யூனிக்ஸ்' எனப் பெயர் பெற்றது இதுவே.

1970-இல் அவர்கள் வேண்டுகோளின் போக்கை மாற்றினர். இயக்க அமைப்பு எழுதப் போகிறோம் என்று சொல்லவில்லை; ஆவணங்களைத் தட்டெழுதித் திருத்தி ஒழுங்குபடுத்தும் கருவி செய்து தருகிறோம் என்றனர். ஏறத்தாழ 65,000 டாலர் மதிப்புள்ள 'பி.டி.பி.-11' பொறிக்கு இம்முறை இசைவு கிடைத்தது. கேட்கும் வகையறிந்து கேட்டதன் பயன் அது. கோடை முடிவில் பொறி வந்து சேர்ந்தது. ஆனால் புத்தம் புதிய பொறியாதலின் அதற்குரிய வட்டு டிசம்பர் வரையில் வரவில்லை. வட்டில்லாக் கணினி பயிரில்லா நிலம் போன்றது. சதுரங்கக் குதிரை 6-க்கு 8 கட்டம் கொண்ட பலகையில் எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொரு முறை மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே மீளும் வழிகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு, அப்பொறி மூன்று திங்கள் ஒரு மூலையில் கிடந்தது.

வட்டு வந்தபோது அதன் அளவு அரை மெகாபைட்டு. நினைவகம் 24 கிலோபைட்டு. அதில் 16 அமைப்புக்கும் 8 பயனாளரின் நிரல்களுக்கும் பிரித்துக்கொள்ளப்பட்டன. ஒரு கோப்பு 64 கிலோபைட்டுக்கு மேல் வளர இயலாது. ஒருவர் நிரல் மற்றொருவர் நினைவகத்தில் புகாமல் தடுக்கும் வேலி அப்பொறியில் இல்லை. இத்தகைய கருவியை வைத்துக்கொண்டுதான், 1971-இன் பிற்பாதியில், காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டெழுத்தாளர்க்கு அவர்கள் நாள் முழுதும் வேலைக்கு இடங்கொடுத்தனர். அதே பொறியில் தங்கள் ஆராய்ச்சியையும் நடத்தினர். புதிய நிரல் ஒன்றைச் சோதித்தால் அமைப்பே நின்றுபோகக்கூடும். நின்றால் மூவர் உழைப்பும் போயிற்று. போதாக்குறைக்கு, சில மணி நேரத்துத் தட்டெழுத்திலேயே வட்டு நிரம்பிவிடும். பழையவற்றை நாடாவுக்கு மாற்றி மாற்றி இடம் உண்டாக்க வேண்டியிருந்தது. காப்புரிமைப் பிரிவினர் மனநிறைவு அடைந்தனர் என்பதே பெரிது. அந்நிறைவுதான் ஆய்வுக்கூடத்து மேலிடத்தாரின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்து, 'பி.டி.பி.-11/45' என்னும் பெரிய பொறியை வாங்க வழிசெய்தது.

அக்காலத்து நெருக்கடி, 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பிலேயே தெரிகிறது. வட்டில் எஞ்சிய இடம் எவ்வளவு என்று காட்டும் 'டி.எஃப்.', எந்த அடைவு எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளது என்று காட்டும் 'டி.யு.', வேறொரு வட்டை மரத்தில் ஒட்டுப்போடும் 'மவுண்ட்' ஆகிய கட்டளைகள் அதில் இடம்பெற்றுள்ளன. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் சேவையகம் காப்போர் நாள்தோறும் தட்டெழுதும் கட்டளைகள் இவையே. வீட்டு நிர்வாகத்தில் பத்தாயத்து நெல்லை அளந்து பார்ப்பது போன்ற வேலை இது.

அந்தக் கோப்பு முறையின் நடுநாயகம் 'ஐ-நோடு' என்னும் குறிப்பேடு. ஒரு கோப்பின் உடைமையாளர் யார், அளவு என்ன, வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் உள்ளது என்பன அதில் இருக்கும். பெயர் மட்டும் அதில் இராது. பெயர் அடைவில் இருக்கும். ஆகவே ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் இட்டாலும் இடம் இரண்டு மடங்கு ஆவதில்லை. எழுத்துக்கு எழுத்து இடத்தை எண்ணிய காலத்தில் இது பெரிய சிக்கனம். இதிலேயே ஒரு குறையும் இருந்தது. வட்டைக் கோப்பு முறைக்கு ஆயத்தம் செய்யும் நாளிலேயே எத்தனை ஐ-நோடு என்பது முடிவாகிவிடும். பேரேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டால், அலமாரியில் இடமிருந்தும் புதிய கட்டைச் சேர்க்க முடியாதல்லவா? அதைப்போல, வட்டில் பாதி வெறுமையாகக் கிடக்க, இடமில்லை என்று கணினி மறுக்கும் விந்தை நேர்ந்தது. மிகச் சிறிய கோப்புகள் இலட்சக்கணக்கில் குவியும் சேவையகங்களில் இன்றும் இது நேர்கிறது. புதிதாக அப்பணியில் அமர்ந்தோரை முதன்முதலில் திகைக்க வைப்பதும் பெரும்பாலும் இதுதான்.

மற்றொரு தழும்பும் அக்காலத்தது. முதல் வட்டு அமைப்புக்கு. பயனாளரின் கோப்புகள் மற்றொரு வட்டில். அந்த மற்றொரு வட்டு ஒட்டுப்போடப்பெற்ற கிளைக்கு 'யூசர்' என்பதன் குறுக்கமாக 'யூஎஸ்ஆர்' என்று பெயரிட்டனர். முதல் வட்டு நிறையவே, அமைப்பின் நிரல்களிலும் ஒரு பகுதியைப் பயனாளர் வீட்டுத் திண்ணைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நிரல்களுக்கான 'பின்' என்னும் அடைவு இவ்வாறு இரண்டாயிற்று: ஒன்று மரத்தின் வேரில், மற்றொன்று யூஎஸ்ஆர் கிளையில். எந்த நிரல் எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஒரு நியதி மட்டும் தவிர்க்க இயலாதது. இரண்டாம் வட்டை ஒட்டும் நிரலே இரண்டாம் வட்டில் இருந்தால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். 1974-இல் தாம்சனும் ரிட்சியும் தங்கள் அமைப்பைப் பற்றி அறிஞர் உலகிற்கு அறிவித்தபோது, அவர்கள் பொறியில் ஒரு மெகாபைட்டு நிலைத்தலை வட்டு ஒன்றும், 2.5 மெகாபைட்டு வட்டுகள் நான்கும், 40 மெகாபைட்டு வட்டு ஒன்றும் இருந்தன. இடப் பஞ்சம் நீங்கத் தொடங்கியது. பெயர்களும் பிரிவுகளும் நீங்கவில்லை.

பெர்க்கிலியில் நடந்த திருத்தம்

யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியபின், பழைய கோப்பு முறையின் வேறொரு குறை வெளிப்பட்டது. அது இடத்தைப் பற்றியதன்று, வேகத்தைப் பற்றியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் மெக்குசிக், ஜாய், லெஃப்ளர், ஃபேப்ரி ஆகிய நால்வர் இதனை ஆராய்ந்தனர். அவர்கள் 1984-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் தலைசிறந்தவற்றுள் ஒன்று. முடிவுகளைப் போலவே, அதில் அளந்து அளந்து தந்துள்ள எண்களும் படிக்கத்தக்கவை.

பழைய முறையில் கட்டம் ஒன்று 512 பைட்டு. வட்டு தரக்கூடிய வேகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கே பயனாளர்க்குக் கிடைத்தது. கட்டத்தை 1,024 பைட்டாக இரட்டித்ததும் வேகம் இரு மடங்குக்குமேல் உயர்ந்தது. அப்பொழுதும் நூற்றுக்கு 4 பங்கே. கோப்பு முறை புதிதாக அமைந்த நாளில் நொடிக்கு 175 கிலோபைட்டு வரை படிக்க முடிந்தது. சில வாரங்கள் மிதமாகப் பயன்படுத்தியதும் அது 30-ஆகச் சரிந்தது. பொறியில் பழுதில்லை, வட்டும் தேயவில்லை. காரணம் பேரேட்டில் இருந்தது. வெற்றுக் கட்டங்களின் பட்டியல் தொடக்கத்தில் வரிசையாக இருக்கும். கோப்புகளை ஆக்கவும் அழிக்கவும் அது கலைந்துபோகும். பிறகு ஒரு கோப்பின் முதற்பகுதி வட்டின் ஓரத்திலும் அடுத்த பகுதி நடுவிலும் விழும். படிக்கும் தலை அங்குமிங்கும் அலைவதிலேயே காலம் கழியும். 150 மெகாபைட்டு வட்டில் ஐ-நோடுகள் யாவும் முதல் 4 மெகாபைட்டில் குவிந்திருக்க, எஞ்சிய 146-இல் கோப்புகளின் உள்ளீடு கிடந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் முதலில் தலைமாட்டுக்கும் பிறகு கால்மாட்டுக்கும் ஓட வேண்டியிருந்தது.

கட்டத்தைப் பெரிதாக்கினால் ஓட்டம் குறையும். அப்படியானால் 4,096 பைட்டு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அவர்கள் தங்கள் கணினியில் உண்மையாக இருந்த கோப்புகளைக் கொண்டே இதனைக் கணக்கிட்டனர். 512 பைட்டுக் கட்டத்தில் வீணாகும் இடம் நூற்றுக்கு 6.9, 4,096 பைட்டுக் கட்டத்தில் 45.6. வட்டில் ஏறக்குறைய பாதி பாழ்! யூனிக்ஸில் பெரும்பான்மைக் கோப்புகள் சிறியவை. மூட்டைக் கணக்கில் மட்டும் அளப்பேன் என்று கடைக்காரர் ஒருவர் பிடிவாதம் பிடித்தால், உழக்கு அரிசி வாங்க வந்தவருக்கும் ஒரு மூட்டைச் சாக்குப் போகும். பெர்க்கிலி அறிஞர்கள் கண்ட வழி, மூட்டையும் இருக்கட்டும் உழக்கும் இருக்கட்டும் என்பது. பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம். கோப்பின் கடைசி மிச்சத்துக்கு மட்டும் கட்டத்தை உடைத்த சிறு துண்டு. பாழும் குறைந்தது, வேகமும் மிகுந்தது. அத்துடன் வட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி ஐ-நோடுகளை அளித்தனர். ஓர் அடைவிலுள்ள கோப்புகள் ஒரே வட்டாரத்தில் அண்டை வீட்டாராக வாழும்படி செய்தனர். ஒரே பெரிய கோப்பு ஒரு வட்டாரம் முழுவதையும் விழுங்கிவிடாதபடி, அது 48 கிலோபைட்டைத் தாண்டியதும் வேறு வட்டாரத்துக்கு அனுப்பினர். இந்தத் திருத்தங்களால் வட்டின் வேகத்தில் நூற்றுக்கு 47 பங்கு வரை பயனாளர்க்குக் கிடைத்தது.

இவற்றினும் துணிவான முடிவு ஒன்று உண்டு. வட்டில் நூற்றுக்கு 10 பங்கை எப்போதும் வெறுமையாக வைக்க வேண்டும். நிர்வாகி தவிர வேறு யாரும் அதைத் தொடலாகாது. காசு கொடுத்து வாங்கிய வட்டில் பத்திலொரு பங்கைப் பூட்டி வை என்றால் யார் ஒப்புவர்? ஆயினும் அவர்கள் கணக்கு தெளிவாக இருந்தது. வட்டு முழுவதும் நிறைந்துவிட்டால் அண்டையில் இடம் கிடைக்காது. கிடைத்த மூலையில் எழுத நேரும். வேகம் பாதியாகக் குறையும். தேர்வு மண்டபத்தில் நாற்காலிகளுக்கிடையே நடைவழி விடுவதை இடத்தை வீணாக்குவது என்று யாரும் சொல்வதில்லை. ஒருவரே வட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளாமல் பங்கு வரம்பு விதிக்கும் முறையும் இக்காலத்தில் சேர்ந்தது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராபர்ட் எல்ஸ் அதனைச் செம்மையாக இணைத்தார். இளகிய வரம்பு, இறுகிய வரம்பு என வரம்பு இரண்டு. முன்னதைத் தாண்டினால் எச்சரிக்கை. பல முறை எச்சரித்தும் திருத்திக்கொள்ளாதவர்க்கு முன்னதே பின்னதாக மாறிவிடும். ஆசிரியர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

வட்டு கெட்டால் என் செய்வது என்பது அடுத்த கேள்வி. கோப்பு முறையின் தலையேடு ஒன்றே ஒன்றாய் இருந்த நிலையை மாற்றி, பெர்க்கிலியில் ஒவ்வொரு வட்டாரத்திலும் அதன் படியை வைத்தனர். ஒரே தட்டு பழுதானால் எல்லாப் படிகளும் அழிந்துவிடாதபடி, சுருள் ஏணியைப் போல அவற்றை இடம் மாற்றி மாற்றி அமைத்தனர். 1988-இல் அதே பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்கு மாற்றாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றை அணிசேர்க்கலாம் என்றனர். 'ரெய்டு' எனப்படும் முறை இதுதான். அதிலுள்ள இடரையும் அவர்களே கணக்கிட்டனர். சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் வட்டுகளில் 100 எடுத்து ஒன்றாகப் பூட்டினால், ஏதேனும் ஒன்று கெடுவதற்கு 300 மணி நேரம் போதும். அதாவது இரண்டு வாரம் தாங்காது. ஆதலின் அணியில் உபரி வட்டுகள் இருந்தே ஆக வேண்டும். ஒன்று கெட்டாலும் மற்றவற்றிலிருந்து அதன் உள்ளீட்டைக் கணக்கிட்டு மீட்கத்தக்க குறிப்பு அவற்றில் இருக்க வேண்டும். ஆயினும் பயனாளரே தவறுதலாக அழித்த கோப்பை இந்த அணி மீட்டுத் தராது. கணந்தோறும் எல்லா வட்டிலும் அந்த அழிவையும் ஒழுங்காகப் பதிந்துவிடும். ரெய்டு இருக்கிறதே என்று தனிப்படி எடுக்காமல் விடுவோர் இந்த வேறுபாட்டை இழப்புக்குப் பின்னரே உணர்கின்றனர்.

மின்சாரம் நின்று கணினி வீழ்ந்தால், பேரேட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் போகலாம். பழைய காலத்தில் மீண்டும் எழுந்ததும் வட்டு முழுவதையும் சரிபார்த்தாக வேண்டும். வட்டு வளர வளர அக்காத்திருப்பும் வளர்ந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு பிறகு செய்வது என்னும் முறை 1990-களில் ஐ.பி.எம்., சிலிக்கன் கிராபிக்ஸ் முதலிய நிறுவனங்களின் சேவையகங்களில் வழக்கத்துக்கு வந்தது. லினக்ஸ் அமைப்பில் 2001-இல் 'எக்ஸ்ட்-3' வாயிலாக அது சேர்ந்தது. 2005-இல் சன் நிறுவனம் வெளியிட்ட 'இசட்.எஃப்.எஸ்.' வேறொரு பழமையை உடைத்தது. வட்டுக்கு வட்டு வேலி போட்டு, இதற்கு இவ்வளவு அதற்கு அவ்வளவு என்று முதல் நாளே பிரித்து வைக்கும் வழக்கத்தை விட்டு, எல்லா வட்டுகளையும் ஒரே குளமாக்கி, வேண்டிய கோப்பு முறை வேண்டும்போது வேண்டிய அளவு மொண்டுகொள்ளச் செய்தது. பயிர் செய்யுமுன் வரப்புப் போட வேண்டிய தேவை அங்கே குறைந்தது. ஆயினும் குளத்தின் மொத்தக் கொள்ளளவை எண்ணிப் பார்க்கும் தேவை குறையவில்லை.

லினக்ஸ் சேவையகங்களில் இன்றும் பெருவழக்காக உள்ள எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைகளில் நூற்றுக்கு 5 பங்கு இயல்பாகவே நிர்வாகிக்கென ஒதுக்கப்பெறுகிறது. பெர்க்கிலியின் பத்திலொரு பங்கு இங்கே பாதியாயிற்று எனலாம். 10 டெராபைட்டு வட்டில் இந்த ஒதுக்கீடு 500 கிகாபைட்டு. காப்புரிமைப் பிரிவின் மூன்று தட்டெழுத்தாளர்கள் பங்கிட்டுக்கொண்ட வட்டைப்போல் ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு. பெரிய வட்டுகளில் இதனைக் குறைத்துக்கொள்வோர் பலர். குறைக்கலாம் என்பதையே அறியாதோரும் உளர்.

இரண்டாகப் பிரிந்த 'பின்' அடைவின் கதையும் முடிவுக்கு வந்து கொண்டிருக்கிறது. அரை மெகாபைட்டு வட்டு நிறைந்ததால் நேர்ந்த பிரிவுக்குப் பிற்காலத்தார் பற்பல நுட்பமான காரணங்கள் கற்பித்து, விதிகளும் வகுத்திருந்தனர். 2012-இல் 'பெடோரா' என்னும் லினக்ஸ் வெளியீட்டின் 17-ஆம் பதிப்பு இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கியது. 2023-இல் வெளிவந்த 'டெபியன்' 12-ஆம் பதிப்பு, ஒன்றுபட்ட அமைப்பை மட்டுமே ஏற்பது என முடிவு செய்தது. அவ்வமைப்புகளில் வேரிலுள்ள 'பின்' அடைவைத் தேடிப் போவோர்க்கு அங்கே நிரல் எதுவும் இராது. யூஎஸ்ஆர் கிளையிலுள்ள 'பின்' இருக்கும் திசையைக் காட்டும் கைகாட்டி ஒன்று மட்டுமே இருக்கும்.